வியாழக்கிழமையைக் கேட்டு ஒரு கோப்பை

அத்தியாயம் 14

உம் ஸஃப்வான் கத்தரிக்கோல் தேடித்தான் அந்த இழுப்பறையைத் திறந்தாராம். அந்த நேரம் பார்த்து அறைக்குள் வந்துவிட்ட லுஜைனிடம் அப்படித்தான் சொன்னார். தம்பி வீட்டு இழுப்பறை. தம்பி மனைவியின் உள்பாவாடைகளுக்கு அடியில் கத்தரிக்கோல் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ, அதை மட்டும் லுஜைன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. ஜோர்டானின் ஸல்த் நகரத்துப் படிக்கட்டுத் தெருக்களில் உம் ஸஃப்வானைக் கேள்வி கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள் இல்லை.

அவர் கையில் அகப்பட்டது கத்தரிக்கோல் அல்ல, ஓர் அட்டை. அதில் ஹியாமின் புகைப்படம், கீழே இருக்கை எண், அதற்கும் கீழே தேர்வு மையத்தின் பெயர்.

ஐம்பத்தொரு வயதில், கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம் கழித்து, ஹியாம் பள்ளியிறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். தவ்ஜிஹி. பிள்ளைகள் எழுதும்போது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், முடிவு வந்ததும் மலைக்கு மலை வாணவேடிக்கை விடுமே, அதே தேர்வு. மூன்று தாள்கள் முடிந்துவிட்டன. மூன்று தடவையும் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். இந்த வயதில் இவளுக்கு வாயில் என்னதான் மிச்சம் இருக்கும் என்று தெருவில் ஒரு சிலர் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கணவர் ஃபவ்வாஸும், மகள் லுஜைனும் மட்டுமே.

மிச்சம் இருப்பது ஒரே தாள். கணிதம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.

உம் ஸஃப்வான் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விட்டார். லுஜைன் அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நாலு நாள் ஆயிற்று. நாத்தனார் நாலு நாள் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்தார் என்றால், அது ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அது ஊறி முடிந்தது.

ஹியாம் வீட்டுக் கூரைதான் உம் ஸஃப்வான் வீட்டு முற்றம். இந்த மலையில் எல்லா வீடும் அப்படித்தான், ஒருவர் தலைமேல் இன்னொருவர் உலாத்துவார். நாத்தனார் நடக்கிற நடையை வைத்தே ஹியாம் அன்றைய நாளைச் சொல்லிவிடுவாள். இழுத்து இழுத்து நடந்தால் வெறும் காபிக்கு வருகிறார். வேகமாக நடந்தால் யார் வீட்டிலோ என்னமோ நடந்திருக்கிறது. இன்றைக்குக் கேட்டது இரண்டும் இல்லை. டக் டக்கென்று குதிகால் சத்தம். தம்பி வீட்டுக்குப் பதினெட்டுப் படி இறங்குவதற்குச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற கறுப்புச் செருப்பு.

பூட்டில் சாவி திரும்பியது. ஹியாமின் மாமியார் உடம்புக்கு முடியாமல் கிடந்த காலத்தில், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்த சாவி. மாமியார் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவசரம் மட்டும் இன்னும் தீரவில்லை.

ஃபவ்வாஸ் கூண்டிலிருந்த மைனாவுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஒரு விசிலில் நானூறு மாணவர்களை நேர்க்கோட்டில் நிறுத்தியவர். அக்காவைக் கண்டதும் அந்த நானூறில் கடைசிப் பையனாகிவிடுவார். அன்றும் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார்.

ஹியாம் காபி ஊற்றிக் கொடுத்தாள். உம் ஸஃப்வான் கோப்பையை வாங்கினார். வாயருகே கொண்டுபோகவில்லை. அப்படியே மேசைமேல் வைத்து, கையை மடியில் கட்டிக்கொண்டார்.

ஹியாம் காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

பெண் கேட்கவோ பகை தீர்க்கவோ ஆண்கள் கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போவார்கள். கூட்டத்துக்குப் பெரியவர் தனக்கு ஊற்றிய காபியைத் தொடாமல் முன்னால் வைத்துவிட்டு வந்த காரியத்தைச் சொல்வார். வீட்டுக்காரர், காபியைக் குடியுங்கள், கேட்டது உங்களுக்கு, என்று சொன்ன பிறகுதான் குடிப்பார். சொல்லாமல் விட்டால் கோப்பை அப்படியே ஆறும். விருந்தாளி குடிக்காத காபி ஆறிய வீடு என்ற பேர் அந்த வீட்டு வாசலில் பல வருஷம் உட்கார்ந்திருக்கும். ஓர் ஆயுளில் இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று தடவை, வரவேற்பறையில் நடக்கிற காரியம் இது. உம் ஸஃப்வான் அதைச் சமையலறைக்கு இழுத்து வந்தவர்.

ஹியாமின் வாழ்க்கையை யாராவது எழுதினால் வருஷக் கணக்கு வேண்டாம், கோப்பைக் கணக்கே போதும். முதல் கோப்பை அவளுடைய அம்மாவுக்கு முன்னால் வைக்கப்பட்டது. குவைத்திலிருந்து வந்திருந்த உம் ஸஃப்வானின் கணவருக்கு விடுமுறை முடியப் போகிறது, கல்யாணத்தை ஒரு வாரம் முன்னால் தள்ளுங்கள் என்று. தள்ளினார்கள். கணிதத் தாள் அன்று ஹியாம் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது கோப்பை, முதல் பிள்ளைக்கு. வஸீம் என்று வைக்க ஆசைப்பட்டாள். ஃபலாஹ் என்று வைத்தார்கள், உம் ஸஃப்வானின் தகப்பனார் பெயர். அன்று முதல் இந்தத் தெருவில் அவளை எல்லோரும் உம் ஃபலாஹ், ஃபலாஹின் அம்மா, என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐந்தாவது கோப்பையில் நர்சரிப் பள்ளி வேலை போயிற்று. ஒன்பதாவதில் ஒரு சோபா வந்தது. பழுப்பு நிறம், யாருக்கும் பிடிக்காது, இன்னும் இருக்கிறது.

இது எத்தனையாவது என்பது ஹியாமுக்கே மறந்துபோயிருந்தது.

உம் ஸஃப்வான் விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. மகன் ஸஃப்வான் புதன்கிழமை தம்மாமிலிருந்து விடுமுறைக்கு வருகிறான். அவன் மாமனார் வீட்டாரும் வருகிறார்கள். அறுபது பேருக்கு மன்ஸஃப், தயிர்க் குழம்பில் வெந்த ஆட்டுக்கறிச் சோறு. இந்த வீட்டு முற்றம்தான் பெரியது, ஹியாமின் கைதான் ருசி. நாள், வியாழக்கிழமை.

"வியாழக்கிழமை எனக்கு..." என்று ஹியாம் ஆரம்பித்தாள்.

"தெரியும், பல் டாக்டர்" என்றார் உம் ஸஃப்வான். சிரிக்கக்கூட இல்லை. "அந்தப் பேப்பர் எங்க ஓடிப்போகப்போவுது ஹியாமே? அடுத்த வருஷமும் இருக்கும்."

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மாவிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை.

ஹியாம் வாயைத் திறக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பையிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஆவி மெலிந்தது. சுவர்க் கடிகாரம் சத்தம் போட்டது. என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது, இன்னும் அரை நிமிஷம் பொறுத்திருந்தால் ஹியாமே ஏதாவது சொல்லியிருப்பாள். ஃபவ்வாஸுக்கு அந்த அரை நிமிஷம் தாங்கவில்லை. தன் வீட்டில், தன் கண் முன்னால், தன் அக்காவின் காபி ஆறுவதா?

"குடி அக்கா, நீ கேட்டது உனக்கு" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. உம் ஸஃப்வான் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு கோப்பைக்கு நீட்டினார்.

அவர் போன பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும். பேசியது லுஜைன் ஒருத்திதான். மருந்துக் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள் பாதித் தலை சீவிய கோலத்தில் வந்து, பூட்டை மாற்றலாம் என்றாள், புதன்கிழமையே அம்மாவை இர்பிதில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கடத்திவிடலாம் என்றாள், அத்தைக்கு ஒரு மாத்திரை கொடுத்து வியாழக்கிழமை மாலை வரை தூங்க வைக்கலாம் என்றும் சொன்னாள். கடைசி யோசனையைச் சொல்லும்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"வாய் தவறிடுச்சு ஹியாம்" என்றார் ஃபவ்வாஸ்.

காபிக்கு மேல் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. அது மூவருக்குமே தெரியும்.

ஹியாம் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். பிறகு கணித நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வாரமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த கணக்கைப் போட்டாள். முதல் தடவையிலேயே விடை வந்துவிட்டது. கோபத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று தெரிந்திருந்தால் எத்தனையோ வருஷம் முன்னாலேயே கோபப்பட்டிருக்கலாம்.

ஆனால் கோபம் நாத்தனார்மேல் மட்டும் இல்லை. அங்கேதான் அது வலித்தது. அத்தனை கோப்பைகளையும் வைத்தது உம் ஸஃப்வான். அத்தனை தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? மரியாதை என்று அதற்கு ஒரு பேர் வைத்துக்கொண்டு, தன்னையே நம்ப வைத்தது யார்? பூட்டை மாற்றினாலும், நாத்தனார் அமெரிக்காவுக்கே போனாலும், இந்தக் கேள்வி இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கும்.

பென்சிலை வைத்துவிட்டு ஹியாம் கூரையைப் பார்த்தாள். அப்போதுதான் அது தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவர் இங்கே எத்தனை ஆயிரம் தடவை இறங்கி வந்திருக்கிறார். தான் ஒரே ஒரு தடவையாவது விருந்தாளியாக, ஒன்றைக் கேட்டு, அந்தப் பதினெட்டுப் படி ஏறியதுண்டா? பாத்திரம் கொடுக்கப் போயிருக்கிறாள். ஊசி போட்டுவிடப் போயிருக்கிறாள். கேட்கப் போனதில்லை.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, ஃபவ்வாஸின் சாம்பல் நிறக் கோட்டை எடுத்து உதறினாள்.

"போட்டுக்குங்க. பெண் கேக்கப் போறமாதிரி போகணும். நீங்கதான் பெரியவர்."

"யாருகிட்ட?"

"உங்க அக்காகிட்ட."

ஃபவ்வாஸ் கோட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மைனாவைப் பார்த்தார். அங்கே எதிலும் உதவி தென்படவில்லை.

லுஜைன் வேலை முடிந்து வந்ததும், நாலு மணிக்கு மூன்று பேரும் படியேறினார்கள். எதிர்ப் பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், ஏற்கெனவே உலர்ந்த துணிகளை மறுபடி உதறத் தொடங்கினார்கள்.

ஹியாம் கதவைத் தட்டினாள். மூன்று தட்டு. உள்ளே சத்தம் நின்றது. அந்தக் குடும்பத்தில் யாரும் கதவைத் தட்டிப் பழக்கமே இல்லை.

"யாரு செத்தது?" என்று கேட்டுக்கொண்டே உம் ஸஃப்வான் வந்தார்.

தம்பியின் கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவர் முட்டாள் இல்லை. கோட்டு, தட்டல், வாசலில் காத்து நின்ற ஒழுங்கு, எதிர் மாடியில் நாலு கண்கள், எல்லாவற்றையும் ஒரு நொடியில் கூட்டிப் பார்த்துவிட்டார். ஆனால் வந்தவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது.

கொடுக்கக் காபி இருந்தால்தானே. தினமும் காலையும் மாலையும் தம்பி வீட்டிலேயே குடிப்பவர் வீட்டில் காபித்தூள் எங்கே இருக்கும்? அலமாரிகள் திறந்து மூடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஏதோ உருண்டது. லுஜைன் உதவிக்கு எழப் போனாள். ஹியாம் அவள் முழங்காலை அழுத்தி உட்கார வைத்தாள். அந்தச் சமையலறை அவருடையது. கூப்பிடாமல் உள்ளே போகக் கூடாது.

கடைசியில் காபி வந்தது. உம் ஸஃப்வான் ஊற்றினார். ஹியாம் கோப்பையை வாங்கி, குடிக்காமல், தன் முன்னால் வைத்தாள்.

முறைப்படி பெரியவர்தான் பேச வேண்டும். ஃபவ்வாஸ் தொண்டையைக் கனைத்தார். இறைவனுக்கு நன்றி சொன்னார். இந்த வீட்டின் பெருமையைச் சொன்னார். அது தான் பிறந்த வீடு என்பது நடுவில் நினைவு வந்து தடுமாறினார். இந்த வருஷம் வெயில் அதிகம் என்றார். அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

"அக்கா, எனக்கு வியாழக்கிழமை வேணும்" என்றாள் ஹியாம்.

"வியாழக்கிழமை என்ன, என் அலமாரியிலயா இருக்கு எடுத்துக் குடுக்க?"

"முப்பத்து மூணு வருஷமா அங்கதான் இருக்கு."

உம் ஸஃப்வான் தம்பியைப் பார்த்தார். தம்பி கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். காலையில் கொடுத்த வாக்கு என்னாவது என்று உம் ஸஃப்வான் கேட்டார். நியாயமான கேள்விதான், ஹியாமும் அதை மறுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் இதோ இருக்கிறார், அவர் சமைப்பார், அண்டாவும் அடுப்பும் காலையிலேயே மேலே வந்துவிடும், விருந்து இந்த முற்றத்தில் நடக்கும் என்றாள். அறுபது பேர் உட்கார முடியாவிட்டால் இரண்டு பந்தி.

இதைக் கேட்டு ஃபவ்வாஸ் நிமிர்ந்தார். தயிர்க்கட்டியைக் கரைத்து அடுப்பில் வைத்தால் எந்தப் பக்கமாகக் கிண்ட வேண்டும் என்று மெல்லக் கேட்டார்.

"ஒரே பக்கமா, யாபா" என்றாள் லுஜைன். "மாத்திக் கிண்டினா திரிஞ்சுரும். அத்தை பாத்துட்டே இருப்பாங்க, பயப்படாதே."

உம் ஸஃப்வான் பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஆட்டம் இது. மௌனமாக இருந்தால் எதிரில் இருப்பவர் நெளிவார், நெளிந்தால் உடைவார். அவர் கண்டுபிடித்த ஆட்டம்தானே. கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஹியாமும் உட்கார்ந்தாள். மௌனத்தில் அவளுக்கு முப்பத்து மூன்று வருஷப் பயிற்சி.

காபியின் ஆவி அடங்கியது. மேலே மெல்லிய ஆடை போல ஒன்று படிந்தது. எதிர் மாடியில் ஒரு போர்வை நாலாவது தடவையாக உதறப்பட்டது. உம் ஸஃப்வான் ஓரக்கண்ணால் அந்த மாடியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். இந்த வீட்டில், தன் கையால் ஊற்றிய காபி ஆறிக் கிடக்க, தம்பி பெண்டாட்டி எழுந்து படியிறங்கிப் போவதை இரண்டு பெண்கள் பார்த்தால், இரவுச் சாப்பாட்டுக்குள் அது கடைத்தெரு வரை போய்விடும். கொண்டுபோகிற வேலையை இத்தனை வருஷமாகச் செய்தவர் என்பதால் எவ்வளவு வேகத்தில் போகும் என்பதும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

"குடி" என்றார்.

"எதுக்குன்னு சொல்லிக் குடிக்கச் சொல்லுங்க அக்கா. முறை அதுதானே."

உம் ஸஃப்வான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் முக்கால் பங்கு இருந்தது. மிச்சக் கால் பங்கு என்னவென்று லுஜைனுக்கும் புரியவில்லை, ஃபவ்வாஸுக்கும் புரியவில்லை. வகுப்பில் இத்தனை நாள் கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளை திடீரென்று கை தூக்கினால் வாத்தியார் பார்ப்பாரே, அப்படி ஒன்று.

"குடி ஹியாமே. வியாழக்கிழமை உனக்கு."

ஹியாம் குடித்தாள். காபி மகா மட்டம். ஏலக்காய் இல்லை, தூளில் பழைய வாடை. கடைசிச் சொட்டு வரை குடித்து, போதும் என்பதற்குக் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

இறங்கி வரும்போது லுஜைன் பாதிப் படியில் நின்று அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஃபவ்வாஸ் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தான் பேசியது எப்படி இருந்தது என்று இரண்டு தடவை கேட்டார். நன்றாக இருந்தது என்று இருவரும் சொன்னார்கள். வெயிலைப் பற்றிச் சொன்னது குறிப்பாக நன்றாக இருந்தது என்றாள் லுஜைன்.

ஹியாம் நோட்டை விரித்து உட்கார்ந்து கால் மணி ஆகியிருக்காது. தலைக்கு மேல் நடை கேட்டது. வேகமான நடை. முற்றத்துச் சுவர் வரை வந்து நின்றது.

"உம் ஃபலாஹ், ஜன்னல்கிட்ட வா" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

குரலில் அத்தனை குஷி. வியாழக்கிழமையைக் கொடுத்தாகிவிட்டது, இனி அதைப் பார்த்துக்கொள்ளாமல் விட முடியுமா? பரீட்சை மையத்து மேற்பார்வையாளர் அம்மாள் ஸஃப்வான் மனைவிக்குச் சித்தி முறையாம். இப்போதுதான் போனில் பேசினாராம். நம்ம வீட்டுப் பொண்ணு, வயசானவ, கணக்குல கொஞ்சம் தடுமாறுவா, நீ பக்கத்துல நின்னு பாத்துக்கோ என்று சொல்லிவிட்டாராம். இருக்கை எண்ணையும் கொடுத்தாயிற்று. அட்டையில் பார்த்தது அப்படியே மனசில் இருந்ததாம்.

லுஜைன் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"யம்மா, சிபாரிசுன்னு ஒரு பேச்சு வந்தாலே தாளை ரத்து பண்ணிடுவாங்க. போன வருஷம் எங்க கடைக்கு வர்ற ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு."

ஃபவ்வாஸ் வழக்கம்போல மைனாவைப் பார்த்தார். அதற்குள் ஹியாமின் கைபேசி அடித்தது. தெரியாத எண்.

ஒரு நொடி, பழைய ஹியாம் எட்டிப் பார்த்தாள். எடுக்காமல் விடலாம். கணவரிடம் கொடுத்துப் பேசச் சொல்லலாம். அடுத்த வருஷமும் இருக்கும். அவள் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

எதிர்முனையில் பெண் குரல், விறைப்பான குரல், சற்று முன் ஒருவர் தொலைபேசியில் என்ன கேட்டார் என்பதை எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஒப்பித்தது. ஹியாம் முழுதும் கேட்டாள். பிறகு, தனக்காக யாரும் யாரிடமும் பேசத் தேவையில்லை என்றும், தான் யாரையும் பேசச் சொல்லவில்லை என்றும், வேண்டுமானால் முதல் வரிசையில் மேற்பார்வையாளரின் மேசைக்கு நேர் எதிரே தன்னை உட்கார வைக்கலாம் என்றும் சொன்னாள்.  எல்லா வார்த்தையும் வெளியே வந்துவிட்டது.

எதிர்முனையில் ஒரு தாள் புரண்டது.

"வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு என் அறைக்கு வாங்க. பேசினது யாரோ, அவங்களையும் கையோட கூட்டிட்டு வாங்க. நீங்க சொல்லச் சொல்லலைன்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். அவங்க வரலைன்னா உங்களை உள்ள விட முடியாது."

லைன் துண்டிக்கப்பட்டது.

விஷயம் தெரிந்ததும் ஃபவ்வாஸ் மெல்லப் பழுப்புச் சோபாவில் உட்கார்ந்தார். அறுபது பேர், ஓர் அண்டா, கிண்டும்போது பக்கம் மாறினால் சொல்ல அக்காவும் இருக்கப் போவதில்லை.

மேலே சுவரோரம் நின்ற நடை இன்னும் நகரவில்லை. போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்கக் காது கீழே நீண்டுகொண்டிருந்தது.

ஹியாம் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, வியாழக்கிழமை காலையில உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?"